முதல் சொல்லைக் கேட்டவர்

நாலரை வயதுக் குழந்தை ஒன்றிடமிருந்து நான் ஒரு சொல்லைத் திருடியிருக்கிறேன். மூன்றெழுத்துச் சொல். திருடியதோடு நிற்காமல், "அம்மாகிட்ட சொல்லாதே" என்று அந்தக் குழந்தையின் வாயையும் அடைத்தேன். பிறகு அதன் அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று குறையும் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். எனக்கு வந்தது பொறாமை. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ரொம்ப நாளாகக் குடியிருந்தது, அன்றைக்குத்தான் வாசலுக்கு வந்து நின்றது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் அமைப்பில் வேலை பார்க்கும் இரண்டு சின்னப் பெண்கள். போன வாரம் செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம், புதுசா சேர்றவங்களுக்குக் குடுக்கணும்" என்றார்கள். இப்போதெல்லாம் வீடுவீடாகப் போவது குறைந்துவிட்டதாம். செல்போனில் பாடம் போகிறதாம். எடுத்துக் காட்டினார்கள். மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டே புளியங்கொட்டை எண்ணுகிறாள். எத்தனையோ வீடுகளில் ஒரே நேரத்தில் எண்ணுகிறாள். அவளுக்கு முழங்கால் வலி இல்லை, திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாற வேண்டியதில்லை, நாய் துரத்துவதில்லை. "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று சொன்னேன். சொல்லும்போது நெஞ்சுக்குக் கீழே ஏதோ எரிந்தது. எனக்குப் பழக்கமான எரிச்சல்தான். சரி, அதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே எழுத்தையும் எண்ணையும் அறிமுகம் செய்ய அம்மாக்களைப் பழக்குவது. கவனிக்கவும், குழந்தைக்குச் சொல்லித் தருவது அம்மா. அம்மாவுக்குச் சொல்லித் தருவது நான். இந்த வித்தியாசத்தைப் பயிற்சியின் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். எனக்கு அது புரிய இருபத்தோரு வருஷம் ஆனது. புரிந்த கையோடு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சியைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மாதம், ஒரு கூடம், மின்விசிறி ஒன்று. அந்த மாதத்தில் நடந்த ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகன் கார்த்திக்கு அப்போது நான்கு வயது. அவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போவேன். ஒருநாள் சாயங்காலம் வந்தபோது அந்த அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வசந்தா, உன் பையன் படிக்கிறான், தெரியுமா?" கடலை மடித்து வந்த காகிதத்தில் 'கடை' என்று ஒரு சொல்லை அவர் மடியில் உட்கார்ந்து படித்திருக்கிறான். அன்றைக்குப் பகல் முழுக்க நான் கற்றுக்கொண்ட பாடம், குழந்தையின் முதல் சொல்லைத் தாய் கேட்பதன் முக்கியத்துவம். கார்த்தி இப்போது சிறுசேரியில் கணினியோடு மல்லுக்கட்டுகிறான். அவனுக்கு அந்தக் கடலைக் காகிதம் நினைவில்லை. எனக்கு இருக்கிறது. அந்த அக்காவுக்கும் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத் தட்டோடு அதையும் கொண்டுவந்து வைப்பார்.

இனி கோமதி மேடம். எங்கள் மேற்பார்வையாளர். ஒல்லியாக, காட்டன் புடவையில், கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடுகிற மனுஷி. சொல்லாமல் கொள்ளாமல் பாடத்துக்கு வந்து நிற்பார். வந்து என்ன செய்வார் என்பதுதான் விஷயம். எங்களைப் பார்க்கவே மாட்டார். வீட்டின் ஒரு மூலையில், சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பை எடுப்பார். அதில் புளியங்கொட்டையும் கொஞ்சம் சோழியும் இருக்கும். நான் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புளியங்கொட்டையை வலப்பக்கம் வைப்பார். அம்மா பேசினால் ஒன்றை இடப்பக்கம். குழந்தை பேசினால் நடுவில் ஒரு சோழி. நாற்பது நிமிஷம் முடிந்ததும் திரும்பி உட்கார்ந்து, "இது நீ, இது அம்மா, இது குழந்தை" என்று கையால் காட்டுவார். அவ்வளவுதான் விமர்சனம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

என் பக்கம் எப்போதும் ஒரு சின்னக் குன்று இருக்கும். ரசம் வைக்கலாம் போல. என்னோடு சேர்ந்த விமலாவின் பக்கம் ஐந்தாறு கொட்டைகள் அநாதையாகக் கிடக்கும். அவள் பாடத்தில் சோழிகள்தான் கலகலவென்று இருக்கும். விமலா கெட்டிக்காரி என்று நான் நம்பவில்லை. அவளுக்குத் தொண்டை சரியில்லை என்று பல வருஷம் நம்பினேன்.

நடைமுறை இதுதான். வாரம் ஒரு வருகை. என் பையில் இருப்பது பன்னிரண்டு அட்டைகள், ஒரு சாக்குக்கட்டி, ஒரு நோட்டு. மற்றதெல்லாம் அந்த வீட்டிலேயே கிடைக்க வேண்டும். எண்ணுவதற்கு அந்த வீட்டுக் கரண்டி, அந்த வீட்டு வெங்காயம். எழுத்துக்கு அந்த வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி. எழுத்தை 'அ'வில் தொடங்க மாட்டோம். அது குழந்தைக் கைக்குச் சுழித்துச் சுழித்துப் போகிற எழுத்து. ட, ப, ம என்று நேர்கோடுகள் அதிகமாக வருவதில் தொடங்குவோம். அம்மா தரையில் எழுதுவாள், குழந்தை அதன் மேல் விரலை ஓட்டும். நான் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. எழுத்துகள் சேர்ந்து சொல்லாக மாறப்போகும் சமயம் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். குழந்தையின் விரலுக்கு முன்னால் உதடு அசையத் தொடங்கும். அதைப் பார்த்ததும் ஆசிரியை அட்டைகளைக் கட்டி வைத்துவிட வேண்டும். அதுவரை குழந்தை பார்த்திராத ஒரு சொல் அட்டையை அம்மாவிடம் கொடுத்து, "நான் போனப்புறம் வை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். முதல் சொல் அம்மாவுக்கு உரியது. அடுத்த வாரம் போய் நடந்ததைக் கேட்டு நோட்டில் எழுதலாம். நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம். 'முதல் சொல்லைக் கேட்டவர்.'

இதற்குக் கோமதி மேடம் சொன்ன காரணம் எளிமையானது. முதல் சொல்லைத் தன் காதால் கேட்ட அம்மா, மறுநாள் யாரும் சொல்லாமலே இரண்டாவது சொல்லைத் தேடி எடுப்பாள். டீச்சர் கேட்டால், டீச்சர் வரும்வரை காத்திருப்பாள்.

மறுக்க முடியாத காரணம். அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. விதை போடும்போது நான் இருப்பேன், சோறு வேகும்போது நான் பஸ்ஸில் இருப்பேன். டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் மூன்று மாதம் உழைத்தேன். அம்மா அப்பா இருவரும் ஆராய்ச்சி வேலையில் இருப்பவர்கள். பையன் ஒன்றிலிருந்து நூறுவரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். நம் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஸ்பூன் கொண்டுவா என்றால் ஸ்பூன் ஸ்டாண்டையே தூக்கிக்கொண்டு வருவான். "அவனுக்கு நூறு வரைக்கும் தெரியுமே" என்று அந்த அம்மா முகம் சுருங்கினார். தட்டுக்கு மூன்று இட்லி என்று தினமும் அவனையே வைக்கச் சொல்லி, மூன்று என்றால் என்ன என்று அவன் கைக்குப் புரிய வைத்தோம். அந்த வீட்டு நோட்டில் முதல் சொல்லைக் கேட்டவர் என்ற கட்டத்தில் 'அப்பா' என்று எழுதினேன். காலையில் லுங்கியோடு பால் பாக்கெட் எடுக்கப் போனவர் கேட்டாராம். மூன்று மாதம் நான் இட்லி எண்ணியது அந்த லுங்கிக்காக.

இப்படியே கட்டம் கட்டமாக எழுதினேன். அம்மா, அம்மா, அத்தை, அம்மா, மாமா, மாடி வீட்டுக்காரர். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

அம்மாக்களின் கூட்டம் ஒன்றில் கோமதி மேடம் இதைப் பெருமையாகவே சொன்னார். "உங்க டீச்சருங்க யாரும் ஒரு குழந்தையோட முதல் சொல்லைக் கேட்டதே கிடையாது. அது உங்களுக்குன்னு விட்டுட்டு வந்துடுவாங்க." அம்மாக்கள் கை தட்டினார்கள். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று தியாகம் செய்த முகத்தோடு சிரித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் தேவகி உட்கார்ந்திருந்தாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். தேவகிக்கு அப்போது இருபத்தாறு வயது. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கரையில் அவருடைய ஃபைபர் படகு கிடக்கும். நீலப் பெயின்டில் முன்பக்கம் பெரிதாகப் 'பட்டம்மா' என்று எழுதியிருக்கும். அவருடைய அம்மா பெயர். குப்பத்தில் அந்தப் படகைத் தெரியாதவர்கள் இல்லை. தேவகி வீடு எது என்று கேட்டால்கூட, "பட்டம்மா போட்டு நிக்குது பாரு, அதுக்கு எதிர்ல" என்றுதான் வழி சொல்வார்கள். தேவகி கரையில் மீன் வாங்கி ரோட்டோரம் கூறு போட்டு விற்பாள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

அவளுடைய மகள் மோனிஷா. நாலே கால் வயதில் எனக்கு அறிமுகமானாள். என்னிடம் பேசவே மாட்டாள். அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் தெரியும்.

தேவகிக்கு இந்தப் பாடம் விளையாட்டு இல்லை. அவளுடைய ஓரகத்தியின் பிள்ளைகள் வேனில் ஏறி இங்கிலீஷ் நர்சரிக்குப் போகிறவர்கள். "மூணாங்கிளாஸே தாண்டல, இவ வூட்டுலயே பள்ளிக்கூடம் நடத்தறா" என்று தெருக் குழாயடியில் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். தேவகியின் வீட்டுக்காரரும் ஒரு கெடு வைத்துவிட்டார். சித்திரைக்குள் பெண் படிக்கவில்லை என்றால் வேனில் ஏற்றிவிடுவது என்று. இதை என்னிடம் சொல்லிவிட்டு தேவகி கேட்டாள்: "எங்கொயந்த எங்கையால படிக்குமா டீச்சர்? உண்மைய சொல்லு." பொதுவாக நீங்கள் என்றுதான் பேசுவாள். அன்றைக்கு மட்டும் மரியாதை பார்க்கவில்லை. படிக்கும் என்றேன்.

எண்ணில் தொடங்கினோம். ஒரு பரீட்சை உண்டு. எட்டுக் கிளிஞ்சல்களை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு எட்டை இடைவெளி விட்டு நீளமாக ஒரு வரிசை. எதில் அதிகம் என்று கேட்டால், அந்த வயதில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் நீளமாக இருப்பதைத்தான் காட்டும். டவுன்ஷிப் பையன் காட்டினான். அவன் அப்பாவே ஒரு நொடி தயங்கினார் என்று நினைக்கிறேன். நான் மோனிஷாவின் முன்னால் கிளிஞ்சல்களை அடுக்கினேன். முந்தானைக்குள்ளிருந்து கண் வெளியே வந்தது. முழு முகமும் வந்தது. என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியமும் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான். விக்கறதுக்காண்டி பரப்பி வச்சிகீற."

தேவகி வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தாள். நெத்திலிக் கூறைப் பரப்பி வைத்தால் நிறையத் தெரியும். அந்தத் தொழில் ரகசியத்தைக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கூறுக்குக் கூறு ஒரே எண்ணிக்கையில் சங்கரா மீனை வைப்பதும் அவள் வேலைதானாம். நான் பயிற்சியில் படித்து, புத்தகங்களில் அடிக்கோடிட்டுத் தெரிந்துகொண்டதை, இந்த அம்மா மீன் விற்கும் நேரத்தில், சொல்லித் தருகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லித் தந்திருக்கிறாள். கோமதி மேடம் அங்கே இருந்திருந்தால் சோழியாக வைத்திருப்பார். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு நோட்டில் 'எண்ணறிவு: நன்று' என்று எழுதினேன். மிக நன்று என்று எழுதக் கை வரவில்லை.

எழுத்து அவ்வளவு சுலபமாக வரவில்லை. ட, ப, ம மூன்றுக்கும் இரண்டு மாதம். தேவகி கடல் மணலைத் தாம்பாளத்தில் கொட்டி அதில் எழுதிக் காட்டுவாள். மோனிஷா விரலை ஓட்டுவாள், பெயர் சொல்ல மாட்டாள். தை பிறந்தது, மாசி வந்தது. நான் பொறுமை இழந்தேன். எழுத்து தனித்தனியாகப் பிடிபடட்டும் என்று சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் 'படம்' அட்டையை வெளியே எடுத்தேன். "இங்க பாரு பாப்பா, ப, ட, ம், படம்" என்று நானே விரலை வைத்துப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரமும் காட்டினேன். அதற்கடுத்த வாரமும். கோமதி மேடம் வந்திருந்தால் புளியங்கொட்டை போதாமல் பக்கத்து வீட்டில் கடன் கேட்டிருப்பார்.

மாசிக் கடைசியில் ஒருநாள் மோனிஷாவின் உதடு அசைந்தது. விரல் ப-வில் இருக்கும்போதே உதடு ட-வுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. விதிப்படி அட்டைகளைக் கட்டி வைத்தேன். விதிப்படி புதிய அட்டை ஒன்றைத் தேவகியிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன். திருடர்கள் முதலில் இடம் பார்த்துவிட்டுத்தான் போவார்களாம்.

அடுத்த வாரம் போனேன். தேவகி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "ஏலம் போட்டுகினு கீறாங்க டீச்சர். பத்து நிமிசம். கொயந்தைய பாத்துக்குங்க, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

அம்மா இல்லாத வீட்டில் பாடம் கிடையாது. இதுவும் விதிதான். வெளியே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். எதிரே பட்டம்மா படகு வெயிலில் கிடந்தது. மோனிஷா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாலு வருஷத்துக் கட்டங்கள் கண்முன் வந்தன. லுங்கிக்காரர் வந்தார். கடலைக் காகிதத்தோடு அக்கா வந்தார். கை தானாகப் பைக்குள் போனது. 'படம்' அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. என் பணிக்காலத்தில் நான் ஒரு புளியங்கொட்டைகூட விழாமல் நடத்திய பாடம் அது ஒன்றுதான்.

மோனிஷா விரலை வைத்தாள். ப. கொஞ்சம் யோசித்தாள். ட. பிறகு தலையை நிமிர்த்தி, அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "படம்."

எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது. உள்ளங்கால்வரை ஏதோ இறங்கியது. அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். கீழே விடும்போதுதான் நினைவு வந்தது. தேவகியின் சித்திரைக் கெடு, குழாயடிப் பேச்சு, எங்கையால படிக்குமா என்று கேட்ட குரல். பயத்தில் என் வாயிலிருந்து வந்ததுதான் அந்த வாக்கியம்: "அம்மாகிட்ட சொல்லாதே." மோனிஷா தலையாட்டினாள். பெரிய மனுஷிபோல ஆட்டினாள்.

தேவகி வந்தாள். கூடை காலியாகவும் உலர்ந்தும் இருந்ததைப் பார்த்தேன். விலை படியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அட்டையை அவள் கையில் கொடுத்து, "நான் போனப்புறம் வை தேவகி, இன்னைக்கு வரும்போல இருக்கு" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு டீ போட்டாள்.

அடுத்த வாரம் அந்த வீட்டில் திருவிழா. ஓரகத்தியை வாசலில் நிற்கவைத்து மோனிஷாவைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரர் வேன் பேச்சை எடுக்கவில்லை. குழந்தை அதற்குள் 'மடம்', 'பட்டம்' என்று வேறு சொற்களுக்குப் போய்விட்டது. அவற்றை எழுதியது தேவகியேதான், கரித்துண்டால் சுவரில். கட்டத்தில் 'அம்மா' என்று எழுதினேன். மாதக் கூட்டத்தில் கோமதி மேடம் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "வசந்தா சும்மா இருக்கக் கத்துக்கிட்டா" என்றார். பதினாலு வருஷமாக ஏங்கிய பாராட்டு. விமலாதான் முதலில் கை தட்டினாள். அவள் மேல் எனக்கிருந்த பொறாமைக்கு அன்றைக்கு ஒருநாள் விடுமுறை.

ஏழு வருஷம் அந்தச் சொல் செரிக்காமல் கிடந்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் ஓய்வு பெற்ற மறு மாதம், தேவகியைப் பார்க்கக் கிளம்பினேன். ரோட்டோரம் நிழற்குடைக்குப் பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். நெத்திலியைப் பரப்பித்தான் வைத்திருந்தாள். மோனிஷா ஆறாம் வகுப்பாம், பள்ளிக்குப் போயிருந்தாள். தேவகி ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டாள். நான் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வந்ததையெல்லாம் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் விலை கேட்டுப் போனார்கள்.

தேவகி சங்கராவுக்குச் செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் டீச்சர்," என்றாள். "அன்னிக்கு ஏலமே கெடையாது."

எனக்குப் புரியவில்லை.

"உங்க மேடம் கூட்டத்துல சொன்னாங்க இல்ல, டீச்சருங்க மொத சொல்ல கேட்டதே கெடையாதுன்னு. எல்லாம் கை தட்டிகினு இருந்தாங்க. நான் உங்க மூஞ்சியதான் பாத்துகினு இருந்தேன். எயவு வூட்ல நிக்கறாப்ல நின்னுகினு இருந்தீங்க. பாவமா பூட்ச்சி."

"அதுக்காக..."

"அதுக்காண்டிதான் கூடைய எடுத்துகினு வெளிய வந்தேன். அந்தாண்ட சொவத்துக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். நீங்க கொயந்தய தூக்கிச் சுத்தனதகூட பாத்தேன்."

ஏழு வருஷமாகத் திருட்டு என்று நான் பதுக்கி வைத்திருந்தது, அவள் எனக்குப் போட்ட பிச்சை. எது அதிகக் கேவலம் என்று முடிவு செய்ய முடியவில்லை. "உன்னோட மொத சொல்ல எப்படி எனக்கு விட்டுக் கொடுத்தே?" என்று கேட்டேன்.

தேவகி அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் கொஞ்சம் குறும்பு.

"நான் எதுக்கு வுட்டுக் குடுக்கறேன்? எனக்கு அதுக்கு முன்னாலயே கெடச்சிருச்சி. பத்து நாளு முந்தி, கரைல. எங்க போட்டாண்ட நிக்க சொல்ல, ஒவ்வொரு எழுத்துக்கும் வெரல வச்சி வச்சி, 'பட்டம்மா'ன்னு படிச்சுது. யார்கிட்டயும் சொல்லல. அவங்கப்பன்கிட்ட கூட சொல்லல. சொன்னா உங்க காதுக்கு வந்துரும். மொதல்ல கேட்டது நாந்தான் டீச்சர். உங்களுக்கு ரெண்டாவது."

அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை ஒருமுறை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி மடிப்பவளின் முகம்.

எனக்கோ, அந்தக் கணத்திலேயே, தொழில்புத்தி விழித்துக்கொண்டது. பட்டம்மா. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை தினமும் பார்க்கும் படகு. அதன் பெயர் குப்பத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். போதாததற்கு அது அவள் பாட்டியின் பெயர். கண்ணை மூடிக்கொண்டு விரலை எங்கே வைத்தாலும் பட்டம்மா என்றுதான் சொல்லும். அது படிப்பு இல்லை, அடையாளம். பயிற்சியின் இரண்டாவது வாரப் பாடம். அப்படியென்றால் உண்மையான முதல் சொல் 'படம்'. உண்மையில் முதலில் கேட்டவள் நான்.

வாய்வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தோரு வருஷத்துப் புளியங்கொட்டைகள் அத்தனையும் சேர்ந்து வந்தாற்போல வந்தது. தேவகி முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். "ஆமா தேவகி, நீதான் மொதல்ல" என்றேன். அவள் அரைக் கிலோ சங்கராவைப் பையில் போட்டுக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்குள் ஒரே பெருமிதம். முதல் சொல்லும் எனக்கே கிடைத்துவிட்டது, அதை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையும் எனக்கே கிடைத்துவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்த வாரமே திருப்போரூருக்குப் போனேன். கோமதி மேடம் ஓய்வுபெற்று அங்கேதான் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி அதே காட்டன் புடவை.

திருட்டையும் சொன்னேன், பொய்யாகக் கட்டத்தை நிரப்பியதையும் சொன்னேன். கடைசியில் படகு விஷயத்துக்கு வந்து, "தெரிஞ்ச பேரைச் சொன்னது படிப்பாகாதே மேடம். பாவம் தேவகி, அவகிட்ட நான் எதுவும் சொல்லல" என்று அடக்கமாக முடித்தேன்.

மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பழக்கம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் 'படம்' அட்டையை அதுக்கு முன்னாடி எத்தனை வாரம் நீ படிச்சுக் காட்டினே?"

"மூணு வாரம் மேடம்."

"ம். அப்போ உன்னுதும் படகுதான்," என்றார். "காப்பி சாப்பிடறியா?"